கையொப்பமில்லாத களஞ்சியம்

எமது கல்லூரி நூல்நிலையத்தின் மேற்றட்டிலே கலைக்களஞ்சியத்தின் தொகுதிகள் வரிசையாக நிற்பதைப் பழைய மாணவர் பலர் மறந்திருக்கமாட்டார். தி. சு. அவினாசிலிங்கம் அவர்களின் பெருமுயற்சியாற் சென்னைத் தமிழ் வளர்ச்சிக் கழகத்தார், பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மையாசிரியராக அமர்த்தி, 1954 ஆம் ஆண்டு தொடக்கம் 1968 ஆம் ஆண்டுவரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட பெருநூல் அது. இன்று அத்தொகுதிகளின் தூசைத் தட்டுவோர் அரியர். ஒரு பொருளைப் பற்றி அறிய விரும்பும் மாணவன் கைத்தொலைபேசியை எடுக்கின்றான். அங்கே முதலில் அவன் கண்முன் வந்து நிற்பது பெரும்பாலும் விக்கிப்பீடியாவே. இதனைக் கண்டு வருந்துவோருள் நாம் ஒருவரல்லேம். நூல்நிலையம் இல்லாத சிற்றூர்ப் பிள்ளைக்கும் ஒரு களஞ்சியம் கைக்கெட்டியது என மகிழ்வதே முறை. எமது வருத்தம் வேறு. அக்களஞ்சியத்தைப் படிப்போராகவே எம்மவர் நின்றுவிட்டனர். அதனை எழுதுவோராக ஆயினாரில்லை. இந்த யூபிலி மலரிலே அதுபற்றிச் சில கூறத் துணிகின்றோம்.

தமிழிலே களஞ்சியம் தொகுக்கும் முயற்சி புதிதன்று. ஈழத்தாருக்கும் அது புதிதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை அபிதானகோசத்தை 1902 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவோடு 1910 இல் வெளிவந்தது. இவ்விரண்டும் தனியொருவர் தம் வாழ்நாளைச் செலவிட்டுச் சேர்த்த செல்வம். கலைக்களஞ்சியமோ அறிஞர் குழுவொன்றின் ஆக்கம். மூன்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: அச்சுக்கூடத்தை விட்டு வெளியேறிய கணத்தோடு அவை உறைந்துவிட்டன. பிழை நேர்ந்திருந்தால் அடுத்த பதிப்புவரை அப்பிழை ஊர்சுற்றும். அடுத்த பதிப்பு வராதுபோனால் என்றென்றும் சுற்றும்.

விக்கிப்பீடியா இவ்வகையன்று. ஹவாய்த்தீவினர் மொழியிலே விக்கி என்றால் விரைவு. எவரும் உடனே திருத்தத்தக்க இணையப் பக்கங்களுக்கு 1995 இல் வார்ட் கன்னிங்ஹாம் என்னும் அமெரிக்கர் இட்ட பெயர் அது. அம்முறையைக் கொண்டு ஜிம்மி வேல்ஸ், லாரி சாங்கர் என்னும் இருவர் 2001 ஆம் ஆண்டு சனவரி 15 ஆம் நாள் ஆங்கில விக்கிப்பீடியாவைத் தொடங்கினர். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் அரும்பியது. அவ்வாண்டின் பிற்பகுதியில் அதனுட் புகுந்து, வெறும் ஓலைக்கொட்டிலாக நின்றதனை மாளிகையாக்க அடியிட்டவர் இ. மயூரநாதன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக்கலைஞர். அக்காலத்தில் ஐக்கிய அரபு அமீரகத்திலே பணிபுரிந்தவர். பகலெல்லாம் தொழில் பார்த்து, எஞ்சிய பொழுதிலே அவர் எழுதிய கட்டுரைகள் நாலாயிரத்துக்கு மேற்பட்டன. கனடாத் தமிழ் இலக்கியத் தோட்டம் 2015 ஆம் ஆண்டுக்கான இயல் விருதை அவருக்கு அளித்தது. கதையோ கவிதையோ எழுதாத ஒருவருக்கு, பொதுப்பணத்தில் ஒரு சதமும் பெறாது பொதுநூல் எழுதியமைக்காக அவ்விருது சென்றதை, இக்காலத்தின் நல்ல குறிகளுள் ஒன்றாக நாம் எண்ணுகின்றோம். அவரைத் தொடர்ந்து தமிழகம், ஈழம், மலேசியா, சிங்கப்பூர், மேலைநாடுகள் எனப் பல திசையினரும் வந்து சேர, 2017 ஆம் ஆண்டு மே மாதத்தில் கட்டுரைகளின் தொகை 1,00,000 ஐ எட்டியது. இப்பொழுது 1,50,000 ஐயும் கடந்துவிட்டது.

இவ்வளவும் எவ்வாறு இயன்றது என்பதனை அறியாதார் பலர். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் 'தொகு' என்றொரு சொல் நிற்கும். அதனை அழுத்தியவுடன், கட்டுரையின் உள்ளே எவரும் கைவைக்கலாம். பட்டம் கேட்பாரில்லை; பதவி கேட்பாரில்லை. பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றையே உடைமையாகக் கொண்ட எம்போன்றாரும், கலாநிதிப் பட்டம் பெற்றாரும், பள்ளிச் சிறுவனும் அங்கே ஒரே பந்தியில் அமர்வர். இஃதென்ன குழப்பம் என அஞ்சவேண்டா. செய்யப்பட்ட மாற்றம் ஒவ்வொன்றும், ஒற்றெழுத்தொன்று சேர்த்ததாயினும், நாளும் நேரமும் பயனர்பெயருங் கூடி 'வரலாறு' என்னும் ஏட்டிலே பதிவாகின்றது. ஒருவன் குறும்பு செய்தால் இன்னொருவர் ஒரு நொடியில் முன்னைய நிலைக்கு மீட்கலாம். ஐயமெழுந்தால் ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய உரையாடற் பக்கத்திலே வழக்காடலாம். எல்லோர்க்கும் பொதுவான செய்திகளைப் பேசுமிடத்துக்கு அன்னோர் இட்ட பெயர் 'ஆலமரத்தடி'. இப்பெயரைக் கண்டபோது, ஊர்ப்பஞ்சாயத்து இணையத்திலும் இடம்பிடித்துவிட்டது என எண்ணி மகிழ்ந்தோம்.

எம்மூரின் பெயரிலே ஒரு மரம் நிற்கின்றது. தேற்றாங்கொட்டையைக் கலத்தின் உட்புறத்தே தேய்த்துக் கலங்கல் நீரை ஊற்றிவைத்தால், சற்று நேரத்தில் மண்டி அடியிற்படியும். மேலே தெளிந்த நீர் நிற்கும். விக்கிப்பீடியாவில் நடைபெறும் வேலையும் இத்தகையதே. நீர் கலங்கிவிட்டதெனக் கொட்டிவிடுவாரில்லை. தேய்த்துத் தேய்த்துத் தெளியவைக்கின்றனர். ஆனால் தேய்ப்பதற்குக் கை வேண்டும் என்பதை மறத்தலாகாது.

அங்கே நிகழ்ந்த வழக்குகளிலே எமக்கு, அதாவது தமிழாசிரியர்க்கு, மிக்க சுவை தருவது சொல்வழக்கு. எமது பாடநூல்களில் ஒட்சிசன், காபன், நைதரசன். தமிழகத்தார்க்கு ஆக்சிஜன், கார்பன், நைட்ரஜன். நாம் பௌதிகவியல் என்பதை அவர் இயற்பியல் என்பர். நாம் இரசாயனவியல் என்பதை அவர் வேதியியல் என்பர். கனடாவின் பெருநகரொன்று எமக்கு ரொறன்ரோ, அவர்க்கு டொராண்டோ. இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகளை ஏற்பதா விலக்குவதா என்னும் பழைய பூசலும் புகுந்துகொண்டது. பல்லாண்டு வழக்காடியும் முற்றாகத் தீராத பூசல் அது. எனினும் ஒரு நல்ல வழி அங்கே கைக்கொள்ளப்பட்டது. ஒரு தலைப்பிற் கட்டுரை இருக்க, மற்றைய வழக்குச் சொல்லைத் தேடுவோரையும் அக்கட்டுரைக்கே இட்டுச்செல்லும் 'வழிமாற்று' அமைக்கப்பட்டது. எமது பிள்ளை தன் சொல்லாலும் தமிழகத்துப் பிள்ளை தன் சொல்லாலும் ஒரே வாயிலுக்குச் சென்று சேர்வர். 1936 இற் சென்னையிலே நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், எமது வாவிக்குத் தெற்கேயுள்ள காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தர் என்பதை எம்மாணவர் அறிவர். கடலின் இருகரையாரும் ஒன்றுகூடி இயற்ற வேண்டுமென அன்று தொடங்கிய அவ்வேலை, இன்று பெயரறியாதார் பலர் கையில் நடைபெறுகின்றது. அவ்வாலமரத்தடியிலே கிழக்கிலங்கையின் குரல் மட்டும் நன்கு கேட்கவில்லை. வழக்காடாதான் சொல் வழக்கொழியும். இதிற் பிறரைக் குறைகூறிப் பயனென்ன?

விக்கிப்பீடியாவை நம்பலாமா என்னும் கேள்வியை ஆசிரியர் கூட்டறையில் நாம் பலகாற் கேட்டதுண்டு. 2005 ஆம் ஆண்டில் இயற்கை எனப் பொருள்படும் பெயருடைய 'நேச்சர்' என்னும் அறிவியல் இதழ், பிரித்தானிக்காக் களஞ்சியத்திலிருந்தும் ஆங்கில விக்கிப்பீடியாவிலிருந்தும் 42 அறிவியற் கட்டுரைகளை இணையிணையாக எடுத்து அறிஞரிடம் கொடுத்தது. கட்டுரையொன்றுக்கு விக்கிப்பீடியாவில் ஏறத்தாழ நான்கு பிழையும், பிரித்தானிக்காவில் ஏறத்தாழ மூன்று பிழையும் காணப்பட்டன. பிரித்தானிக்காவினர் அம்முடிபை மறுத்துரைத்தனர். அது நிற்க. 2012 இலே அவர்கள் தமது அச்சுப்பதிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டனர். ஆயினும் இக்கணக்கைத் தமிழுக்கு அப்படியே பொருத்துதல் தகாது என்பது எமது துணிபு. ஆங்கிலத்தில் ஒரு பிழையை ஆயிரங் கண்கள் காணும்; தமிழில் அதே பிழை ஆண்டுக்கணக்காகக் கிடக்கக்கூடும். பிழை கிடப்பதற்குக் காரணம் முறையன்று, ஆட்குறையே.

ஆதலால், ஒப்படை எழுதும் மாணவன் விக்கிப்பீடியாவைத் தொடலாகாது எனத் தடைவிதிக்கும் ஆசிரியரோடு நாம் உடன்படோம். தடை விதித்தாலும் அவன் தொடுவான். பார்த்தெழுதிவிட்டுப் பாராதான்போல் நிற்பான். அதனினும், ஒரு கட்டுரையை அவன் கையிற் கொடுத்து, இதிலுள்ள கூற்று ஒவ்வொன்றுக்கும் சான்று உண்டா என நூல்நிலையத்தில் தேடிப்பார், சான்றில்லாத ஒரு வாக்கியத்தையேனும் கண்டுவா என ஏவுதல் நன்று. இவ்வாறு ஒரு தவணை செய்த மாணவனுக்கு எப்பக்கத்தை எவ்வளவு நம்பலாம் என்பதை நாம் கற்பிக்க வேண்டியதில்லை. 2017 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டிலே பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி அளிக்கப்பட்டது. எமது வலயங்களிலும் அத்தகைய பயிற்சி நடைபெறுதல் வேண்டும். ஆசிரியர் கருத்தரங்குகளில் நாம் கேட்கும் பல சொற்பொழிவுகளைக் காட்டிலும் அது பயன்படும் எனக் கூறினால் எவரும் சினங்கொள்ளார் என நம்புகின்றோம்.

ஆளில்லாக் குறையைப் பொறியால் நிரப்பலாம் என எண்ணியோரும் உளர். 2009 ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனத்தார் தமது மொழிபெயர்ப்புக் கருவியின் துணையோடு, கூலிக்கமர்த்திய மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு, ஆங்கிலக் கட்டுரைகளைப் பெருந்தொகையாகத் தமிழ் விக்கிப்பீடியாவில் இறக்கினர். பக்கங்கள் பெருகின; தமிழ் பெருகவில்லை. ஆங்கிலத்தார் தேடும் பொருள்களே தலைப்புகளாக வந்தன. வாக்கியங்களோ தமிழெழுத்திலே நின்று ஆங்கிலத்தில் மூச்சுவிட்டன. தமிழ்த் தன்னார்வலர் வாளாவிருந்தாரல்லர். தலைப்பைத் தெரியும் உரிமையும், பிழையைத் திருத்திய பின்னரே மேற்செல்லும் ஒழுங்கும் வேண்டுமென வாதிட்டனர். 2010 இற் போலந்து நாட்டிலே நடைபெற்ற உலக விக்கிப்பீடியர் மாநாட்டிலும் இக்குறைகளை எடுத்துரைத்தனர். இலவசமாகக் கிடைக்கும் இலட்சம் வாக்கியங்களைக் கூட, தமிழ் அன்று என்று கூறித் தடுத்து நிறுத்தும் துணிவு கூலி பெறாத கூட்டத்துக்கே வாய்க்கும். இன்று கேட்ட வினாவுக்கு விடையெழுதும் செயற்கை நுண்ணறிவுப் பொறிகள் வந்துள்ளன. அவை தமிழறிந்ததும் இத்தகைய பொதுப்பக்கங்களைப் படித்தே. மட்டக்களப்பைப் பற்றி அங்கே நாம் எழுதாதன அப்பொறிக்குந் தெரியாது. தெரியாதென்று அது வாளாவிருக்குமாயின் நன்று. அதுவோ ஏதேனும் ஒன்றைப் புனைந்து கூறிவிடுகின்றது.

இனி, எம்மை மிகவும் சிந்திக்கவைத்த ஒன்றைக் கூறுவோம். கடந்த ஆண்டு பதினோராந் தரத்து மாணவர் சிலரை மட்டக்களப்பு வாவி பற்றி விக்கிப்பீடியாவுக்கென ஒவ்வொரு பந்தி எழுதிவரச் சொன்னோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம் எனவும், பாடுமீன் எனவும், கல்லடிப் பாலம் எனவும் பலர் எழுதிவந்தனர். பாடுமீன் இல்லாத மட்டக்களப்புக் கட்டுரையை நாம் இதுகாறும் கண்டிலோம்! ஒரு மாணவன் மட்டும், மாரிவெள்ளத்தின் பின் முகத்துவாரம் திறந்தால் எந்த மீன் எத்தனை நாளில் எவ்விடத்துக்கு ஏறும், இறால் எந்நிலவில் மிகும், வீச்சுவலை எங்கே எறியலாம், அத்தாங்கு எங்கே போதும் என இரண்டு பக்கம் எழுதியிருந்தான். அவன் தந்தை வாவியில் தோணி வலிப்பவர். படித்து வியந்தோம், பின்பு, "தம்பி, இதற்குச் சான்று எங்கே?" என்று வினவினோம். விக்கிப்பீடியாவின் விதி அது: அச்சிலோ நம்பத்தகுந்த வேறு வெளியீட்டிலோ வந்த செய்தியே ஏற்கப்படும், தன் அனுபவமும் தன் ஆராய்ச்சியும் ஏலா. அவன் சற்றுநேரம் நின்றுவிட்டு, "எங்கட அப்பா சொன்னது சான்று இல்லையா சேர்?" என்றான்.

அவ்வினாவுக்கு அன்று விடைகூற எம்மால் இயலவில்லை. விதி தவறென்று கூறினால் நாளை ஒவ்வொருவரும் தத்தம் தந்தை சொன்னதை எழுதுவர். இரு தந்தையர் இருவேறாகச் சொன்னால் எதனைக் கொள்வது? முகமறியாதார் ஒன்றுகூடி எழுதும் நூலில், எழுதியவன் யாரென்பதைக் கொண்டு மெய்பொய் தெளிய வழியில்லை. எங்கிருந்து எடுத்தான் என்பதைக் கொண்டே தெளியலாம். கையொப்பமில்லாத களஞ்சியத்துக்குச் சான்றே கையொப்பம். ஆகவே விதி செம்மையானதே. ஆனால் அவ்விதியால் விலக்கப்படுவது யார் அறிவு என்பதையும் நோக்குதல் வேண்டும். நூல் எழுதும் பழக்கமுடையார் அறிவு எளிதில் உள்ளே செல்லும். தோணி வலிப்பவர், வட்டையில் நீர்பாய்ச்சுபவர், சூடு மிதித்தவர், ஏடு படித்துக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், குளிர்த்திச் சடங்கின் ஒழுங்கை நாவிலே வைத்திருக்கும் கட்டாடியார் ஆகியோரது அறிவு வாயிலிலே நிற்கும். வாயிலைக் காப்பவனோடு சண்டையிடுவதால் ஆவதொன்றில்லை. அன்னோரது அறிவை அச்சேற்றாத நாமே அதற்குப் பொறுப்பாளர்.

எமது பகுதிக்கு அச்சுநூல் இல்லாமலில்லை. எவ். எக்ஸ். சி. நடராசா பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம் 1962 இலும், பண்டிதர் வி. சீ. கந்தையாவின் மட்டக்களப்புத் தமிழகம் 1964 இலும் வெளிவந்தன. கூத்துப் பற்றிப் பேராசிரியர் சி. மௌனகுருவின் ஆய்வுநூல் 1998 இல் வந்தது. ஈழத்தமிழ் நூல்களையும் இதழ்களையும் படியெடுத்து இணையத்திலே வைக்கும் நூலகம் என்னும் தன்னார்வ முயற்சி 2005 இல் தொடங்கியமையால், பழைய மலர்களும் சஞ்சிகைகளும் இன்று எவரும் எங்கிருந்தும் பார்க்கத்தக்கனவாயின. இவையெல்லாம் இருந்தும், எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஊர்களுள் எத்தனைக்கு இரண்டு பக்க வரலாறேனும் அச்சில் உண்டு? 1978 நவம்பர்ச் சூறாவளியிலே கூரையோடு பரணிலிருந்த ஏடும் போன வீடுகள் உள. 2004 டிசம்பரிற் கடல் கொண்டுசென்றவை உள. போர்க்காலத்து இடப்பெயர்வுகளிலே தொலைந்தவற்றுக்குக் கணக்கில்லை. எஞ்சியிருப்பது எண்பது வயதுகடந்த சிலரின் நினைவு. கொம்புமுறிக்குரிய கொம்பைத் தெரிந்து வெட்டுதல் எவ்வாறு என்பதையும், வடசேரிக்கும் தென்சேரிக்கும் உரிய குடிகள் எவை என்பதையும் நேரிற் கண்டவராய்ச் சொல்லத்தக்கார் ஊருக்கு ஒருவரோ இருவரோ. அவர் சென்றபின் விக்கிப்பீடியா கேட்கும் சான்றை எங்கே தேடுவோம்?

ஈண்டுக் கல்லூரி மலர்களைப் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். கல்லூரி மலரும் அச்சேறிய வெளியீடே. ஆண்டும் பக்கமும் ஆசிரியர் பெயரும் உடையது. இதிலே நாம் அச்சிடும் ஊர்ச்செய்தி நாளை மேற்கோளாக நிற்கத்தக்கது. அஃது அறியாது, மலர்தோறும் வாழ்த்துச் செய்திகளுக்கும் உருவப்படங்களுக்கும் முப்பது பக்கம் ஒதுக்கிவிடுகின்றோம். வாழ்த்தியோர் எம்மைப் பொறுத்தருள்க. அப்பக்கங்களிற் பாதியை முதியோர் வாய்மொழிக்கு ஒதுக்கினால், எமது மாணவனின் தந்தை சொன்னதற்கும் சான்று பிறக்கும். சொன்னவர் பெயர், வயது, ஊர், சொன்ன நாள், கேட்டவர் பெயர் என்னும் ஐந்தும் சேர்த்து அச்சிடுதல் வேண்டும். இருவர் இருவேறாகக் கூறின் இரண்டையும் அச்சிடுக, இணக்குவிக்க முயலற்க.

வேறொரு வகையினரையும் எச்சரிக்கை செய்தல் கடன். விக்கிப்பீடியாவில் எழுதுக என்றவுடன் தம் மாமனார் வரலாற்றை எழுதப் புகுவோர் உண்டு. தம் ஊர்க்கோயிலே ஈழத்தில் முதற்கோயில் என நிறுவப் புகுவோர் அதனினும் பலர். எல்லா ஊர்க்கோயிலும் முதற்கோயிலாயின் இரண்டாங் கோயில் எது என்று கேட்போர்க்கு என் சொல்வது? நடுநிலை நோக்கு என்பது அங்கே அடிப்படை விதி. 'மாபெரும்', 'ஒப்பற்ற', 'புகழ்பூத்த' என்னும் அடைமொழிகளை நீக்கிவிட்டு எஞ்சுவதைப் பார்த்தால், பல வேளைகளில் எஞ்சுவது ஒன்றுமிராது. தமிழ்க்கட்டுரைக்கு அலங்காரம் கற்பித்த நாமே இதற்கு ஓரளவு காரணராகலாம். எவ்வாறாயினும், செய்தியை மட்டும் எழுதும் பயிற்சிக்கு விக்கிப்பீடியாவை ஒத்த பள்ளிக்கூடம் இல்லை.

பழைய மாணவர் பலர் கனடா, ஐக்கிய இராச்சியம், அவுஸ்திரேலியா முதலிய நாடுகளில் வாழ்கின்றனர். கல்லூரிக்கு மண்டபம் கட்டப் பணம் அனுப்பிய அவர்தம் கொடை போற்றத்தக்கது. அவரிடம் நாம் இப்பொழுது வேண்டுவது பணமன்று. வாரத்தில் ஒரு மாலைப்பொழுது. தம்மிடமுள்ள பழைய நிழற்படங்களைத் தாமே எடுத்தவையாயின், எவரும் பயன்படுத்தலாமென்னும் உரிமையோடு விக்கிப்பீடியாவின் பொதுவகத்திலே ஏற்றலாம். 1978 இன் முன்னர் எடுத்த ஓர் ஊர்த்தெருவின் படம் எத்துணை விலைமதிப்புடையது என்பதைப் படம் வைத்திருப்போர் அறியார். எழுத்துப்பிழை திருத்துவதே தம்மால் இயலும் என்பாரும் வருக. ஒரு நாளைக்கு ஒரு பக்கம் திருத்துவோர் பத்துப்பேர் இருந்தால், ஓராண்டில் மூவாயிரத்து ஐந்நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள் திருந்தும்.

அடுத்த தவணை தொடக்கம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பிற்பகல் 2 மணிக்குக் கல்லூரிக் கணினிக்கூடத்திலே உயர்தர மாணவர் சிலரோடு அமர எண்ணியுள்ளோம். முதல் மூன்று வாரமும் விக்கிப்பீடியாவைத் தொடப்போவதில்லை. முதியோரிடஞ் சென்று எழுதிவந்தவற்றைச் செப்பனிட்டு அச்சுக்கு ஆயத்தஞ் செய்வோம். வாவி மீன்பிடி பற்றி அம்மாணவனும் அவன் தந்தையும் சேர்ந்து தந்த குறிப்புகள் முதலில் நிற்கும். தேற்றாத்தீவின் பெயர்க்காரணம் பற்றி எம்மிடம் இதற்குள் மூன்று கதைகள் வந்து சேர்ந்துள்ளன. மரத்தின் கதை அவற்றுள் ஒன்று; மற்றைய இரண்டும் அதனோடு பொருந்தவில்லை. மூன்றையும் அச்சிடுவோம். நான்காவது அறிந்தோர் தவணை முடிவதற்குள் எழுதியனுப்புக.